உப்பனாற்றில் ஹார்மோன் சீர்குலைப்பிகளைக் கண்டறிவது எப்படி?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் மாசைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது நாற்றத்தைப் பற்றிய பேச்சுதான். எந்தத் திசையில் காற்றடித்தால் என்ன வாடை வரும் என்பதை அங்குள்ள பெண்கள் தயக்கமின்றிச் சொல்வார்கள். 2004-ஆம் ஆண்டில் இந்த ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்று மாதிரிகளைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த முயற்சியை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். ஆனால், மூக்கும் கண்ணும் காட்டிக்கொடுக்காத மாசும் உண்டு. உடலின் ஹார்மோன்களைப் போல நடிப்பவை, அவை வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்பவை, அவை சுரப்பதையும் சிதைவதையும் மாற்றிவிடுபவை என இந்த ஹார்மோன் சீர்குலைப்பிகளில் பல வகைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடும் முறையைக் கல்லூரி ஆய்வகங்களுக்கும், சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றை நம்பி வாழும் ஊர்களில் அக்கறையோடு செயல்படுகிறவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பற்றிய ஓர் உணர்வு வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் கருத்தடை மாத்திரை ஒன்றில் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற செயற்கை ஹார்மோன் 0.03 மில்லிகிராம் இருக்கிறது. அந்த ஒரே மாத்திரையை 30,000 லிட்டர் தண்ணீரில், அதாவது பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் மூன்று டேங்கர் லாரி நீரில் கரைத்தால், லிட்டருக்கு 1 நானோகிராம் வரும். கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் இதே ஹார்மோனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்கள் பெண்மைக் குறிகளைக் காட்டின. சில ஆண்டுகளில் அந்த ஏரியின் ஒரு சிறுமீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போனது. ஐரோப்பிய ஆணையம் 2015-இல் வெளியிட்ட கண்காணிப்புப் பட்டியல், இந்தப் பொருளை லிட்டருக்கு 0.035 நானோகிராம் வரை காணக்கூடிய முறை வேண்டும் என்று கேட்டது. நாம் தேடுவது இந்த அளவில்தான் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் கெடுபிடிகள் எதற்கு என்பது தானாக விளங்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழக்கமான அறிக்கையில் இருக்கும் பி.ஓ.டி., சி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவு சிதையத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவுகள்), கார அமிலத் தன்மை, கரைந்த உப்புகள் ஆகிய எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும் நீரிலும் இந்தப் பொருள்கள் இருக்கலாம். அந்த எண்கள் இவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எதைத் தேடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“தண்ணீரில் ஹார்மோன் கெடுக்கும் பொருள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஆய்வகத்தில் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பொருள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க, ஆலைகளுக்கு வாரியம் வழங்கும் இசைவாணைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுவதே நேரான வழி. என்ன தயாரிக்கிறார்கள், எவ்வளவு தயாரிக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்காகச் சமர்ப்பித்த தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் மூலப்பொருள்களும் இருக்கும். கடலூரைப் பொறுத்தவரை என் பட்டியலில் முதலில் வருபவை, மருந்து மற்றும் பூச்சிக்கொல்லித் தயாரிப்பின் இடைப்பொருள்கள், சலவைப் பொருள்கள் சிதைந்து உருவாகும் நோனைல்ஃபினால், பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள், கெட்டிப் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்ஃபினால் ஏ ஆகியவை. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்ஃபான், வேளாண்மையில் எப்போதோ நிறுத்தப்பட்ட டி.டி.டி. போன்ற பழைய பூச்சிக்கொல்லிகளையும் விட்டுவிடக் கூடாது. அவை நீரில் இல்லாமல் போனாலும் சேற்றில் பல்லாண்டு தங்கும். துறைமுகப் பக்கம் என்றால், படகின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க ஒரு காலத்தில் பூசப்பட்ட சாயத்தின் டிரைபியூட்டைல்டின் சேர வேண்டும்.

இன்னொரு பொருளைக் கட்டாயம் சேருங்கள்: கஃபீன். காப்பியும் தேநீரும் குடிக்கும் ஊரின் சாக்கடையில் அது தவறாமல் இருக்கும். மனிதர்களும் மாடுகளும் இயற்கையாகவே எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சிறுநீரில் கழிப்பதால், கடலூர் முதுநகர்ப் பக்கம் எடுத்த நீரில் அதன் முதன்மை வகையான எஸ்ட்ராடயால் தென்பட்டதும் ஆலையைக் குற்றம் சாட்டிவிட முடியாது. கஃபீனும் உயர்ந்திருந்தால் வீட்டுக் கழிவு என்று சந்தேகிக்கலாம்; கஃபீன் குறைவாக இருந்து ஹார்மோன் விளைவு மட்டும் உயர்ந்திருந்தால் வேறு மூலத்தைத் தேட வேண்டும். நேர்மையான ஆய்வு இரண்டு பக்கத்துக்கும் இடம் விட வேண்டும். அப்போதுதான் அது எதிர்க்கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும்.

வெற்றுப் புட்டியின் சாட்சி

இந்த வேலையில் நான் கற்ற பெரிய பாடம் ஒரு வெற்றுப் புட்டியிலிருந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் உப்பனாற்றில் ஆறு இடங்களில் நீர் எடுத்தோம். ஆறிலும் ஒரு தாலேட் கணிசமாக இருப்பதாக முடிவு வந்தது. கரையில் எங்களோடு நின்று படகு தந்து உதவிய மீனவர்களிடம் அதை உடனே சொல்லியும்விட்டோம். பிறகுதான், ஆய்வகத்துத் தூய நீரை ஊற்றி ஆற்றங்கரை வரை எடுத்துச் சென்று, திறந்து மூடித் திரும்பக் கொண்டுவந்திருந்த ஏழாவது புட்டியின் முடிவைப் பார்த்தோம். அதிலும் அதே தாலேட், ஏறக்குறைய அதே அளவு. நீரை உறிஞ்சப் பயன்படுத்திய தெளிவான பி.வி.சி. குழாயிலிருந்து அது கசிந்திருந்தது. மறுபடி ஊருக்குப் போய், அன்று சொன்னது செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் கோபப்படவில்லை. அடுத்த முறை நீர் எடுக்கும்போது, “அந்தச் சும்மா புட்டி இருக்கா சார்?” என்று ஒரு பெரியவர் முதலில் கேட்டார்.

இதே தவறு ஆய்வு உலகில் ஒரு கண்டுபிடிப்புக்கே வழிவகுத்திருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் ஆகியோரின் ஆய்வகத்தில், எஸ்ட்ரோஜன் இல்லாமல் பெருகக் கூடாத மார்பகப் புற்றுச் செல்கள் 1980-களின் இறுதியில் காரணமில்லாமல் பெருகத் தொடங்கின. மாதக்கணக்கில் தேடிய பிறகு, அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் சோதனைக் குழாயிலிருந்து கசிந்த நோனைல்ஃபினால்தான் காரணம் என்று தெரிந்து, 1991-இல் வெளியிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் குறைந்தது களத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு வெற்று மாதிரியும், ஆய்வகத்திலேயே தங்கும் ஒரு வெற்று மாதிரியும் இருக்க வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுக்க வேண்டும். வெற்று மாதிரி இல்லாமல் வரும் தாலேட், பிஸ்ஃபினால் முடிவு எதையும், அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், நான் ஏற்றுக்கொள்வதில்லை.

புட்டி பழுப்புக் கண்ணாடியில் இருக்க வேண்டும். மூடியின் உட்புறம் டெஃப்லான் பூச்சு வேண்டும். பாஸ்பேட் இல்லாத சோப்பால் கழுவினாலும், அந்தச் சோப்பிலேயே நோனைல்ஃபினால் வகைப் பொருள் கலந்திருக்கக் கூடும் என்பதால், குழாய் நீர், காய்ச்சி வடித்த நீர், மெத்தனால் என்று வரிசையாக அலசி, வாயை அலுமினியத் தாளால் மூடி, 450 டிகிரி செல்சியஸ் உலையில் நான்கு மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும். டெஃப்லான் மூடியை உலையில் வைக்கக் கூடாது; அதை மெத்தனாலில் அலசினால் போதும். நீர் எடுப்பவர் அன்று காலை சன் ஸ்கிரீன், கை கால் கிரீம், வாசனைத் திரவியம், கொசு விரட்டி எதையும் பூசியிருக்கக் கூடாது. கையுறை நைட்ரைல் வகையாக இருக்க வேண்டும், வினைல் கூடாது. வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு வாங்கிய ரசீதைக் கையில் வைத்திருந்தவர் புட்டியைத் தொடக் கூடாது என்று நான் சொல்லும்போது மாணவர்கள் மிகை என்று நினைப்பார்கள். ஆனால் அந்த வெப்பத் தாளில் பிஸ்ஃபினால் ஏ பூச்சாக இருப்பது வழக்கம்; விரலில் ஒட்டும் துகளே ஒரு லிட்டர் நீரைக் கெடுக்கப் போதும்.

எங்கே, எப்போது எடுப்பது

உப்பனாறு, மேற்கிலிருந்து நேராகக் கடலுக்கு ஓடும் ஆறு அல்ல. சிப்காட்டுக்கும் கடலுக்கும் இடையில் கரைக்கு இணையாக வடக்கு நோக்கி வந்து, முதுநகர் அருகே கெடிலம் ஆற்றோடு சேர்ந்து கடலில் கலக்கிறது. கடலேற்றத்தின்போது நீர் உள்ளே தள்ளப்படும். அப்போது ஆலைக்குத் “தெற்கே” எடுத்தது ஆலைக் கழிவு சேராத, ஆற்றின் மேல்பக்கத்து நீர் என்று நினைத்தால் தவறாகப் போகும். எனவே ஒவ்வொரு இடத்திலும் நீர் முழுவதும் வற்றிய நேரத்தில் ஒரு மாதிரி, ஏறிய நேரத்தில் ஒரு மாதிரி என இரண்டு எடுங்கள். அந்தந்த நேரத்தை மீனவர்களிடம் கேட்டால் கடிகாரம் பார்க்காமலே சொல்வார்கள். உப்பின் அளவு, வெப்பம், நேரம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலம் என்று பார்த்தால், ஆறு சுருங்கி மாசு செறியும் மே மாதமும், வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை நிலத்தில் கிடந்ததை வழித்துக்கொண்டு வரும் அக்டோபரும் கட்டாயம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து ஆற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஒப்பிடுவதற்குச் சிப்காட்டின் தாக்கம் இல்லாத, ஆனால் உப்பும் சேறும் ஒத்த இன்னொரு முகத்துவாரம் வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம் இதற்கு ஏற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேயே இருப்பதால் பழைய தரவுகளும் ஆலோசனையும் கிடைக்கும். இறால் பண்ணைகளின் கழிவு அங்கும் உண்டு என்பதால் அதை முற்றிலும் தூய்மையான இடமாக எண்ண வேண்டாம். புதுச்சேரிப் பக்கம் ஊசுடு ஏரியையோ சங்கராபரணியையோ ஆய்பவர்களும் இதே முறையில் தங்களுக்கு ஓர் ஒப்பீட்டு இடத்தை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.

எடுத்த நீரில் நுண்ணுயிர்கள் தொடர்ந்து வேலை செய்து ஹார்மோன்களைச் சிதைத்துவிடும். ஆகவே கரையிலேயே சில துளி கந்தக அமிலம் விட்டுக் கார அமில அளவை 2 முதல் 3 வரை இறக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பிரித்தெடுத்துவிடுங்கள். குளோரின் கலந்த குடிநீரானால் சோடியம் தயோசல்ஃபேட் சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, மாடித் தொட்டிக்குப் போவதற்கு முன்னுள்ள குழாயில் பிடிக்க வேண்டும்.

சேறு எடுப்பது நீர் எடுப்பதைவிட எளிது. பல நேரங்களில் அதிகமாகச் சொல்லும். நீரை வெறுக்கும் பொருள்களான நோனைல்ஃபினால், டி.டி.டி., டிரைபியூட்டைல்டின் ஆகியவை சேற்றில்தான் சேரும். நீர் வற்றியபோது தெரியும் மேட்டில், எவர்சில்வர் கரண்டியால் மேலுள்ள இரண்டு சென்டிமீட்டரை மட்டும் வழித்து, சுட்ட கண்ணாடிச் சாடியில் போட்டு உறைய வையுங்கள். அந்த இடத்தில் அண்மையில் தூர்வாரினார்களா என்று கேட்டறிவது முக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலும், 2015 ஆண்டு இறுதியின் வெள்ளமும் இப்பகுதியை எப்படிப் புரட்டிப்போட்டன என்பதை நாம் கண்டோம். அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பின் மேல்சேறு என்பது அந்த இடத்தின் சேறாகவே இராது. உப்பனாற்றுக் கருஞ்சேற்றில் கந்தகம் மிகுதி. கலவையை ஆவியாக்கிப் பொருள் பொருளாகப் பிரிக்கும் வாயு நிறவரைவியில் பூச்சிக்கொல்லி பார்க்கும்போது அது பெரிய மேடாக வந்து மற்றவற்றை மறைக்கும். அமிலத்தில் கழுவிப் பளபளக்கும் செம்புத் தூளைச் சாற்றில் போட்டுக் குலுக்கினால், கண்ணெதிரே அது கறுத்துப்போகும். கறுக்காமல் மிஞ்சும் வரை புதிது புதிதாகப் போட வேண்டும்.

பிரித்தெடுத்தலும் கருவியும்

நீரைக் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டுங்கள். தாளை எறிந்துவிடாதீர்கள், வண்டலில் ஒட்டியதும் கணக்கில் சேர வேண்டும். வடிகட்டிய ஒரு லிட்டரில், ஐசோடோப்பு குறியிட்ட (கருவி தனியே அடையாளம் காணும்படி அணு எடை மாற்றிய) எஸ்ட்ராடயாலையும் பிஸ்ஃபினாலையும் அளந்து சேர்த்த பிறகு, நீரிலுள்ள பொருள்களைப் பிடித்துவைக்கும் திண்மம் நிரப்பிய பிரித்தெடுப்புக் குப்பியின் வழியாக நிமிடத்துக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வேகத்தில் விடுங்கள். ஒரு லிட்டர் இறங்க இரண்டு மணி நேரம், சில வேளை மூன்று மணி நேரம் கூட ஆகும்; அவசரப்பட்டால் பொருள் குப்பியில் பிடிக்காமல் ஓடிவிடும். பிறகு மெத்தனாலால் கழற்றி, நைட்ரஜன் ஊதி ஒரு மில்லிலிட்டராகச் சுருக்கினால், ஆயிரம் மடங்கு செறிந்த சாறு கிடைக்கும். முதலில் சேர்த்த குறியிட்ட பொருள் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே இந்த நீண்ட வேலையின் தரத்தைச் சொல்லும். 70 முதல் 120 சதவீதத்துக்குள் வராத மாதிரியை மறுபடி செய்ய வேண்டும்.

எஸ்ட்ரோஜன்களுக்கும் பிஸ்ஃபினாலுக்கும் திரவ நிறவரைவியோடு இணைந்த இரட்டை நிறை நிறமாலைமானி (மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவி) வேண்டும். தாலேட்டுகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் வாயு நிறவரைவியோடு இணைந்தது போதும். உங்களிடம் இந்தக் கருவி இல்லையென்றால் வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஆய்வகங்களைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இந்தப் பொருளுக்கு, இந்த வகை நீருக்கு இருக்கிறதா? அளவிடக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? ஒரு முறை எங்களுக்கு ஒரு தனியார் ஆய்வகத்திலிருந்து “கண்டறியப்படவில்லை” என்று முத்திரையோடு அறிக்கை வந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அவர்களால் காண முடிந்த மிகக் குறைந்த அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது 1,000 நானோகிராம். எஸ்ட்ராடயாலைப் பொறுத்தவரை அந்த அறிக்கையால் ஒரு பயனும் இல்லை. எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனைக் காட்டும், சந்தையில் கிடைக்கும் எலைசா கிட்டுகள் முதல்நிலைச் சலிப்புக்கு உதவும். ஆனால் மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் பழுப்புப் பொருள்கள் அவற்றை ஏமாற்றும் என்பதால், கிட்டின் முடிவை மட்டும் வைத்து அறிக்கை வெளியிட வேண்டாம்.

ஈஸ்ட் சொல்லும் கூட்டுத்தொகை

பட்டியலில் எழுதிய பொருளை மட்டுமே கருவி தேடும். நாம் பெயர் அறியாத பொருளையும், பல பொருள்கள் சேர்ந்து செய்யும் விளைவையும் உயிர்ச் சோதனைதான் காட்டும். மனித எஸ்ட்ரோஜன் ஏற்பியின் (செல்லுக்குள் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தின்) மரபணுவைச் செலுத்திய ஈஸ்ட்டைக் கொண்ட சோதனையை இங்கிலாந்தில் ரூட்லெட்ஜும் சம்ப்டரும் 1996-இல் வெளியிட்டார்கள். இன்று அதற்கு ஐ.எஸ்.ஓ. 19040 என்ற சர்வதேசத் தரமும் உண்டு. செறிந்த சாற்றை 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் ஈஸ்ட்டையும் மஞ்சள் நிறச் சாயப்பொருளையும் விட்டு 32 டிகிரியில் மூன்று நாள் வைத்தால், எஸ்ட்ரோஜன் விளைவு உள்ள குழிகள் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாகி, அடர்ந்த சிவப்பாக மாறும். செறிந்த பக்கம் சிவப்பாகவும் நீர்த்த பக்கம் மஞ்சளாகவும் வரிசை நிற்கும் அந்தத் தட்டை முதன்முதலாகப் பார்த்த மாணவர்கள், உப்பனாற்றை முன்பு பார்த்தது போல் அதன் பிறகு பார்ப்பதில்லை. பக்கத்து வரிசையில் எஸ்ட்ராடயாலைத் தெரிந்த அளவுகளில் வைத்து ஒப்பிட்டு, “இந்த நீர் லிட்டருக்கு இத்தனை நானோகிராம் எஸ்ட்ராடயாலுக்குச் சமம்” என்று எழுதலாம். இது மரபணு மாற்றிய உயிரி என்பதால், 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி முன்னதாகவே வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஆலைக் கழிவு நீரில் இது அடிக்கடி நேரும். நீர் நச்சு மிகுந்ததாக இருந்தால் ஈஸ்ட் செத்துப்போகும். செத்த ஈஸ்ட் நிறம் மாற்றாது. குழி மஞ்சளாகவே இருக்கும். மிகக் கெட்ட நீர் மிகத் தூய நீர் போலத் தோன்றும். ஆகவே நிறத்தோடு சேர்த்து 620 நானோமீட்டரில் கலங்கலையும் அளந்து, ஈஸ்ட் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செறிந்த குழிகள் தெளிவாகவும் மஞ்சளாகவும், நீர்த்த குழிகள் கலங்கிச் சிவந்தும் இருந்தால், நீங்கள் காண்பது நஞ்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹார்மோன் விளைவு. ஆண் ஹார்மோனுக்கும் இதே போன்ற ஈஸ்ட் உண்டு. தைராய்டு விளைவுக்குத் தவளைக் குஞ்சுகளின் உருமாற்றத்தைக் கவனிக்கும் சோதனையைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. வகுத்துள்ளது.

பிறகு கருவியின் எண்களையும் ஈஸ்ட்டின் எண்ணையும் எதிரெதிரே வையுங்கள். எடுத்துக்காட்டாக, கருவியில் எஸ்ட்ரோன் என்ற இன்னொரு வகை எஸ்ட்ரோஜன் 5 நானோகிராம், பிஸ்ஃபினால் ஏ 1,000 நானோகிராம் என்று வந்ததாகக் கொள்வோம். உங்கள் ஈஸ்ட்டில் எஸ்ட்ரோனின் வலு எஸ்ட்ராடயாலில் 0.3 பங்கு, பிஸ்ஃபினாலின் வலு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், இரண்டும் சேர்ந்து 1.5-உம் 0.1-உம், ஆக 1.6 நானோகிராம் விளைவுக்குத்தான் கணக்குச் சொல்கின்றன. ஈஸ்ட் 4 என்று காட்டினால், மீதி 2.4 யாருடையது என்ற கேள்வி எழுகிறது. சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி சிவக்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதிக்குள் மட்டும் புதிய பெயர்களைத் தேடினால் விடை நெருங்கும். எண் அளவில் சிறியதாகத் தோன்றிய எஸ்ட்ரோன், ஆயிரம் என்று மிரட்டிய பிஸ்ஃபினாலைவிடப் பதினைந்து மடங்கு விளைவு தந்திருப்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

ஆற்றில் வாழும் சாட்சிகள்

ஆய்வகமே இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று குளங்களிலும் கிணறுகளிலும் விடப்பட்டு, இன்று சாக்கடையோரங்களில் பெருகிக் கிடக்கும் கம்பூசியா மீனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆண் மீனின் ஆசனத் துடுப்பு நீண்டு குச்சி போலிருக்கும். பெண்ணின் துடுப்பு விசிறி போல் விரிந்திருக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த ஓடையில், பெண் மீன்களுக்கும் அந்தக் குச்சித் துடுப்பு முளைத்திருந்ததை 1980-இல் வெளியிட்டார்கள். வலையில் பிடித்த மீனை ஈரமான கண்ணாடித் தட்டில் கிடத்தி, கைலென்சால் பார்த்து, வயிற்றின் பின்பக்கம் கரும்புள்ளி உள்ள பெண் மீன்களின் துடுப்பை அளந்து, உடல் நீளத்தால் வகுத்துக் குறித்துவையுங்கள். ஓர் இடத்துக்கு முப்பது பெண் மீன்களாவது வேண்டும். ஒப்பீட்டு இடத்திலும் அதே எண்ணிக்கை வேண்டும். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தால் இந்த மீனைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதும் நமக்கு வசதி.

துறைமுகக் கற்களில் ஒட்டியிருக்கும் ஊன் உண்ணும் நத்தைகள் டிரைபியூட்டைல்டினுக்குச் சாட்சி. லிட்டருக்கு 1 நானோகிராம் அளவிலேயே சில இனங்களின் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்துவிடும். 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை இந்தச் சாயத்தைக் கப்பல்களில் தடை செய்ததற்கு இதுவே பெரிய காரணம். நத்தையை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயங்க வைத்து, ஓட்டை உடைத்து, வலப்பக்க உணர்கொம்பின் பின்னால் பார்க்க வேண்டும். அது பெண்தானா என்பதை முட்டையுறைச் சுரப்பியைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும்.

பெரிய மீன்களில், முட்டைக் கருவுக்கான வைட்டெல்லோஜெனின் என்ற புரதம் ஆண் மீனின் இரத்தத்தில் இருந்தால், அது எஸ்ட்ரோஜன் விளைவின் தெளிவான அடையாளம். இதற்கு எந்த மீனை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கொடுவா மீன் இயல்பாகவே ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும். களவா இனங்கள் பல, பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். அவற்றில் இரண்டு பால் அடையாளமும் சேர்ந்து தெரிவதைக் கண்டு மாசு என்று எழுதினால், முதல் மீன்வள மாணவரே மறுத்துவிடுவார். உப்பனாற்றில் தாராளமாகக் கிடைக்கும் மடவையை எடுங்கள். குப்பை எரியும் இடங்களை ஒட்டிய தெருக்களில், எரியும்போது உருவாகும் நச்சான டையாக்சின் பற்றிச் சந்தேகம் இருந்தால், மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக் கோழிகளின் முட்டையை அனுப்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். சோதனைச் செலவு மட்டும் மிக அதிகம்.

முடிவை எப்படி எழுதுவது

ஒவ்வொரு எண்ணோடும் வெற்று மாதிரியின் எண், திரும்பப் பெற்ற சதவீதம், காணக்கூடிய மிகக் குறைந்த அளவு ஆகிய மூன்றும் அதே வரியில் வர வேண்டும். ஒப்பிட அளவுகோல் வேண்டுமென்றால், குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.டி.க்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், எண்டோசல்ஃபானுக்கு 0.4 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆற்று நீரில் நோனைல்ஃபினாலுக்கு ஐரோப்பாவின் ஆண்டுச் சராசரி வரம்பு 0.3 மைக்ரோகிராம். நீரில் ஒரு பொருள் இருப்பதைக் காட்டுவது ஒன்று, அதனால் ஊரில் ஒருவருக்கு நோய் வந்தது என்று காட்டுவது வேறு. இரண்டாவதை நம் புட்டிகள் சொல்லாது, அதை அறிக்கையிலும் எழுதிவிட வேண்டும்.

நாம் எடுத்த மாதிரி, ஆலைக்கு எதிரான சட்டச் சான்றாகத் தானாக நிற்காது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, வாரிய அலுவலர் அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, ஆலைத் தரப்பினர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரையிட்ட மாதிரியே அதற்கு உரியது. நம் முடிவின் வேலை, எந்த இடத்தில், எந்த ஓத நேரத்தில், எந்தப் பொருளைத் தேடி அந்தச் சட்ட மாதிரியை எடுக்க வேண்டும் என்று பெயரும் எண்ணும் குறித்து, கடலூரில் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ, புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திலோ மனுக் கொடுப்பது. மனுவின் படியை, படகு தந்தவர்களுக்கும் நீர் எடுக்க இடம் காட்டியவர்களுக்கும் முதலில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மிஞ்சிய சாற்றை இரண்டாவது கண்ணாடிக் குப்பியில் அடைத்து, தேதியும் இடமும் பென்சிலால் எழுதி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். எதிர்த்தரப்பு கேட்டாலும், இரண்டாண்டு கழித்துப் புதிய பெயர் ஒன்று பட்டியலில் சேர்ந்தாலும், அதை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும்.